மஞ்சள் மூட்டைக்கு அடியில் கிடந்த கிளவுஸ்: புதிது வாங்குவதா, பழையதைத் தேற்றுவதா?

போன வருடம் பள்ளி திறந்த முதல் வாரம். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி மஞ்சப் பை ஒன்றைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்துவிட்டுப் பேசாமல் நின்றாள். உள்ளே ஒரு சாஃப்ட்பால் கிளவுஸ். விரல்கள் காய்ந்த பாக்கு மட்டை போல உள்பக்கம் சுருண்டிருந்தன. தோல் சாம்பல் பூத்துப்போய், தையல் ஓரமெல்லாம் மஞ்சள் தூள் அப்பியிருந்தது.

"எங்க அத்தையோடதுங்க மிஸ். இத வெச்சு ஆடலாமுங்களா?"

அத்தை என்றால் அவள் அப்பாவின் அக்கா. தொண்ணூறுகளில் கல்லூரி டீமில் மூன்றாம் பேஸில், அதாவது ரன் எடுக்க ஓடுகிறவர் தொட்டுப் போக வேண்டிய மூன்றாவது இடத்தில், காவல் நின்றவர். கல்யாணமாகித் தாராபுரம் பக்கம் போன பிறகு கிளவுஸ் பரணுக்கு ஏறியது. அதன்மேல் மஞ்சள் மூட்டை ஏறியது. எங்கள் ஊர் அந்தியூருக்கும் கோபிக்கும் நடுவில். விலை ஏறட்டும் என்று மஞ்சளை இருப்பு வைக்காத வீடு இங்கே குறைவு. ஒரு மூட்டை இறங்கினால் இன்னொன்று ஏறும். அப்படியே இருபது வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது.

அதே வாரம், எங்கள் பழைய மாணவி ஒருத்தி டீமுக்கு ஒரு நல்ல கிளவுஸ் வாங்கச் சொல்லி 3,000 ரூபாய் அனுப்பியிருந்தாள். ஆக கையில் 3,000 ரூபாய், மேசைமேல் ஒரு பழைய கிளவுஸ். பிள்ளையின் அப்பாவுக்குப் போன் போட்டேன். "பழசக் கட்டிக்கிட்டு எதுக்குங்க மிஸ் மாரடிக்கோணும்? புதுசாவே வாங்கிக் குடுத்துருங்க" என்றார். நியாயமான பேச்சுதான். ஆனாலும் இந்தத் தடவை முதல் நாளிலிருந்தே நோட்டுப் போட்டு எல்லாவற்றையும் எழுதி வைப்பது என்று முடிவு செய்தேன். எடை, செலவு, நேரம், எத்தனை பந்து நழுவியது என்பது வரைக்கும். அந்த நோட்டிலிருந்துதான் இதை எழுதுகிறேன்.

ஏன் நோட்டு என்றால், அதற்கு முன்பு ஒன்றைக் கொன்ற அனுபவம் எனக்கு உண்டு.

எண்ணெய் ஊற்றிக் கொன்ற கதை

இரண்டு வருடத்துக்கு முன் கேட்சர் கிளவுஸ் ஒன்று, மட்டை பிடிப்பவருக்குப் பின்னால் நின்று பந்தைப் பிடிப்பவருக்கானது, விறைத்துப்போய்க் கிடந்தது. தோல்தானே, எண்ணெய் போட்டால் இளகும் என்று தேங்காய் எண்ணெயை உள்ளங்கையில் ஊற்றி ஊற்றித் தேய்த்து, மொட்டை மாடி வெயிலில் காயவைத்தேன். மறுநாள் அருமையாக மடங்கியது. எனக்கோ பெருமை. ஒரு மாதத்தில் அது ஈரத்துணி போலத் தொங்க ஆரம்பித்தது. பந்து விழுந்தால் கிளவுஸே பின்னால் சாய்ந்தது. காறல் நாற்றம் வேறு. அரையாண்டு விடுமுறையில் எலி மோப்பம் பிடித்து வந்து கட்டைவிரலைத் தின்றுவிட்டுப் போனது. மீதியைத் தராசில் வைத்தேன். 840 கிராம். எண்ணெய் போடுவதற்கு முன் 700 இருந்ததாக ஞாபகம்.

எங்கே தப்பு என்பது இந்தப் பிள்ளையின் அப்பாருவிடம், அதாவது தாத்தாவிடம், பேசும்போதுதான் எனக்கு ஓரளவு பிடிபட்டது. அவர் கவலை, அதாவது கமலை, ஓட்டிய காலத்து ஆள். கிணற்றிலிருந்து மாடு பூட்டித் தண்ணீர் இழுக்கும்போது சாலின் அடியில் யானைத் தும்பிக்கை மாதிரி ஒரு தோல் குழாய் தொங்கும். அதற்குத் தும்பி என்றே பெயர். "தும்பிக்கு வெளக்கெண்ணெயப் போட்டுப் போட்டு ஊறப்போடுவோமுங்க. அது பாட்டுக்கு வருசக்கணக்குல ஒழைக்கும். இதுக்கு மட்டும் என்னவாம்?" என்றார்.

தும்பி நாளெல்லாம் தண்ணீரில் கிடக்கிற சாமான். துணி போலத் தொங்குவதுதான் அதன் வேலை, தொங்கினால்தான் நீர் வாய்க்காலில் இறங்கும். கிளவுஸ் அப்படி இல்லை. ஒரு பக்கம் விறைப்பாக நிற்க வேண்டும், ஒரே ஒரு இடத்தில் மட்டும் கதவுக் கீல் போல மடங்க வேண்டும். விறைப்பு போய்விட்டால் அது கிளவுஸே இல்லை.

கையில் இருக்கும் நேரம் ஒரு வினாடிக்குள்

சாஃப்ட்பால் என்ற பெயரைக் கேட்டு மெத்தென்ற பந்து என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பிறந்தபோது அது மெத்தென்றுதான் இருந்தது. 1887 இல் சிகாகோவில் ஒரு படகுக் கழகத்து அறைக்குள், ஜார்ஜ் ஹான்காக் என்பவர் ஒரு குத்துச்சண்டை கிளவுஸைச் சுருட்டி வாரால் கட்டி, அதைப் பந்தாக்கித் துடைப்பக் கம்பால் அடித்து ஆரம்பித்த விளையாட்டு இது. முதல் பந்தே ஒரு கிளவுஸ்தான் என்பது எனக்குப் பிடித்த தகவல். சிகாகோவில் 16 அங்குலச் சுற்றளவுள்ள பெரிய பந்தை இன்றும் வெறுங்கையால் பிடித்து ஆடுகிறார்கள்.

நம் பிள்ளைகள் ஆடுவது 12 அங்குலப் பந்து. எடை 178 முதல் 198 கிராம் வரை. பெண்களுக்குப் பந்து வீசும் தூரம் 43 அடி, பேஸுக்கு பேஸ் 60 அடி. மட்டையிலிருந்து மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு பந்து மூன்றாம் பேஸை நோக்கிப் புறப்பட்டால் 0.8 வினாடியில் வந்து சேரும். அதுவும் பேஸ் மேலேயே நின்றால்தான். எங்கள் பிள்ளை எப்போதும் நாலு எட்டு முன்னால் நிற்பாள். அந்த நேரத்துக்குள் கிளவுஸ் திறந்து, கீழே போய், பந்து உள்ளே வந்ததும் மூட வேண்டும். மூடுவதில் ஒரு நொடித் துளி தாமதித்தாலும் பந்து மேல் விளிம்பில் பட்டுத் தெறிக்கும். பளபளப்பும் கம்பெனிப் பெயரும் அந்த 0.8 வினாடிக்குள் ஒன்றும் செய்வதில்லை.

கோயம்புத்தூர் கடை

பழையதைத் தொடுவதற்கு முன் புதிது என்ன விலை என்று பார்த்துவிட வேண்டும் என்று அந்தச் சனிக்கிழமையே பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கோவைக்குப் பஸ் ஏறினேன். கையோடு எங்கள் பந்து ஒன்றையும் எடுத்துப் போனேன். அது நல்லதாகப் போயிற்று. கடைப் பையன் முதலில் எடுத்துப் போட்டது பேஸ்பால் கிளவுஸ். பேஸ்பாலின் சுற்றளவு 9 அங்குலம்தான். எங்கள் பந்தை அதற்குள் வைத்தால் தம்ளர்மேல் தேங்காயை வைத்த மாதிரி உட்கார்ந்தது. "ரெண்டும் ஒண்ணுதாங்க மேடம்" என்றான் பையன். இல்லை. சாஃப்ட்பாலுக்கு உள்குழி, அதாவது பாக்கெட், ஆழமாகவும் அகலமாகவும் இருக்க வேண்டும். பந்து இல்லாமல் கிளவுஸ் வாங்கப் போவது, காலைக் கொண்டுபோகாமல் செருப்பு வாங்கப் போவது மாதிரிதான்.

மூன்று வந்தன. 900 ரூபாய்க்கு ஒன்று, 2,800 க்கு ஒன்று, 8,500 க்கு ஒன்று.

900 ரூபாய்க்கானது பார்க்க அழகு, பிடிக்க லேசு. லேஸ் நுழையும் ஓட்டையின் ஓரத்தை நகத்தால் விரித்துப் பார்த்தேன். உள்ளே துணி நெசவு தெரிந்தது. தோலாக இருந்தால் நார் நாராகத் தெரியும், நெசவு தெரியாது. மேலே பூசியிருப்பது பி.யூ. என்கிற பிளாஸ்டிக் பூச்சு. நம் ஊர் மழைக்கும் வெயிலுக்கும் அது நாலைந்து வருடத்தில் செதில் செதிலாக உதிரும், ஆடாமல் பெட்டியில் வைத்திருந்தாலும் உதிரும். பழைய ஷூவின் அடிப்பாகம் ஒருநாள் திடீரென்று பொடிப்பொடியாகப் போவதைப் பார்த்திருப்பீர்கள், அதே வியாதிதான். இதை யாராலும் தேற்ற முடியாது. பத்து வயதுப் பிள்ளை ஒரு கோடை முகாமுக்கு வைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

2,800 க்கானது வடக்கே தைத்து வந்த முழுத்தோல் கிளவுஸ். விறைப்பு. பிள்ளையால் ஒரு கையால் மூட முடியவில்லை, முகம் வாடிவிட்டது. 8,500 க்கானது வெளிநாட்டுச் சரக்கு. கையை விட்டதும் வெண்ணெய் போல மடங்கியது. அவள் முகத்தில் பல்பு எரிந்தது. எனக்குத்தான் சந்தேகம் வந்தது. கடையிலேயே இவ்வளவு இளகியிருக்கிற கிளவுஸ், ஒன்று மெல்லிய தோலாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் முன்கூட்டியே நன்றாக எண்ணெய் காட்டி அடித்து இளக்கியதாக இருக்க வேண்டும். முதல் வருடம் சொர்க்கம். தினமும் இருநூறு பந்து பிடிக்கிற பிள்ளையிடம் அது எத்தனை வருடம் நிமிர்ந்து நிற்கும் என்பதுதான் கேள்வி. விறைப்பாக வருவது கையோடு பழகப் பழக அந்தக் கையின் அச்சுக்கு வரும். இளகி வருவது ஏற்கெனவே பாதி வயதைக் கழித்துவிட்டு வருகிறது. (இது என் கட்சி. வாரம் ஒரு நாள் ஆடுகிறவர்கள் அந்த இளக்கத்துக்கே பணம் கொடுப்பதில் தப்பில்லை.)

2,800 க்கானதைக் கவிழ்த்துப் பிடித்து உதறச் சொன்னேன். வாரை இறுக்கியதும் கழன்று விழவில்லை, நல்லது. பெண் பிள்ளைகளின் மணிக்கட்டு சிறியது, ஆண்களுக்கான கிளவுஸ் இந்த உதறலில் பறந்துபோய் விழும். மணிக்கட்டை ஒட்டிய குதிப்பக்கத்தைக் கட்டைவிரலால் அழுத்தினால் உள்ளே கம்பளி அடைப்பு கெட்டியாக இருந்தது. லேஸ் முழுக்கத் தோல். ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து உள்பக்கமாகவே டேப்பை ஓடவிட்டுக் குதிவரை அளந்தால் பன்னிரண்டரை அங்குலம். மூன்றாம் பேஸுக்குக் கொஞ்சம் பெரிசுதான், ஓடாது என்று சொல்ல முடியாது. எடுத்து வைக்கச் சொல்லிவிட்டு வந்தோம். வாங்கவில்லை.

திரும்பும் பஸ்ஸில் பெருந்துறை தாண்டியதும் அவள் கேட்டாள்: "அத்தையோடது எத்தன அங்குலமுங்க மிஸ்?" அதை நான் அளக்கவே இல்லை. கடைக்குப் போவதற்கு முன் செய்திருக்க வேண்டிய வேலை.

அளந்தால் சரியாக 12. இடது கைக்கானது. அவள் வலது கையால் எறிகிறவள். இந்த இரண்டில் ஒன்று பொருந்தாமல் போயிருந்தாலும் இந்தக் கதை இங்கேயே முடிந்திருக்கும். எவ்வளவு அருமையான தோலாக இருந்தாலும் கை மாறிய கிளவுஸைத் தேற்றி அலமாரியில்தான் வைக்கலாம்.

ஈரோட்டு அண்ணன்

அளவு சரி. தோல் உயிரோடு இருக்கிறதா? அதை என் கண்ணை நம்பி முடிவு செய்ய எனக்குத் தைரியம் இல்லை, கேட்சர் கிளவுஸின் ஆவி சும்மா விடாது. ஈரோட்டில் என் சித்தி வீட்டுக்குப் பக்கத்து வீட்டு அண்ணன் முப்பது வருடம் தோல் ஆலையில் இருந்தவர். அவரிடம் கொண்டுபோனேன்.

அவர் கிளவுஸைப் பார்க்கவே இல்லை, முதலில் லேஸைத்தான் இழுத்தார். பட்டென்று அறுந்தது. அறுந்த முனையை வெளிச்சத்தில் காட்டினார். நடுவில் நீலம் பாரித்த சாம்பல் நிறம். "குரோம் தோலுங்க டீச்சர்" என்றார், குரோமிய உப்பில் பதனிட்டது. பட்டை போட்டுப் பதனிட்ட தோலாக இருந்தால் வெட்டுவாய் முழுக்கப் பழுப்பாக இருக்குமாம். நம் பக்கத்துப் பழைய வழி அதுதான். ஆவாரம் பட்டையும் கடுக்காயும் போட்டு ஊறவைத்து வந்த தோல்தான் ஈ.ஐ. லெதர், அதாவது ஈஸ்ட் இந்தியா லெதர், என்று கப்பல் ஏறியது, அதற்குப் புவிசார் குறியீடுகூட இருக்கிறது. ஆவாரம் போய் வாட்டில் மரத்துப் பட்டை வந்தது, அப்புறம் குரோம் வந்தது. வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை எல்லாம் குரோமில் பேர் எடுத்த ஊர்கள். பட்டைத் தோல் வயதாகி அமிலம் ஏறிவிட்டால் சிவந்த பொடியாக உதிரும், பழைய புத்தக அட்டைகளில் பார்க்கலாம். தொட்டால் விரலில் ஒட்டும். அந்த நிலைக்குப் போன தோலுக்கு மருந்து கிடையாது.

அப்புறம் உள்ளங்கைத் தோலை வெளிப்பக்கமாக மடித்து, வெடிப்புகளை நகத்தால் கீறிக் கீறிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கிட்டத்தில் பார்த்தார். மேல் பூச்சு மட்டும் வெடித்திருக்கிறதா, அடி நார் வரைக்கும் பிளந்திருக்கிறதா என்பதுதான் விஷயம். குதியில் மூன்று கோடுகள் ஆழமாகப் போயிருந்தன. உள்ளங்கை முழுசாக இருந்தது.

"சாவலீங்க. மழயில்லாத காடு மாதிரி காஞ்சு கெடக்குது, அவ்வளவுதான்."

கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இருக்கும் வெப் பின்னலுக்கு அடியில் ஒரு ஓட்டை இருந்தது. மற்ற ஓட்டைகளெல்லாம் அச்சடித்த மாதிரி வட்டமாக இருக்க, இது மட்டும் கோணலாக, ஓரம் கருத்து இறுகியிருந்தது. அண்ணன் அதில் சுண்டுவிரலை வைத்து, "இது என்னங்க?" என்றார். பூச்சி அரித்திருக்கும் அண்ணா என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. நோட்டில் "வெப் அடி, பூச்சி அரிப்பு, 1" என்று எழுதிக்கொண்டேன்.

எண்ணெயைப் பற்றி அவர் சொன்னதை அப்படியே எழுதி வைத்திருக்கிறேன். ஆலையில் எண்ணெயைத் தண்ணீரோடு பால் போலக் கலக்கித்தான் தோலுக்குக் காட்டுவார்களாம். அப்போதுதான் அது நாருக்கு நார் மெல்லிசாகப் போய்ப் படியும். வெளியிலிருந்து ஊற்றுகிற எண்ணெய் நாரைப் பூசுவதில்லை, நாருக்கு நடுவில் இருக்கிற இடுக்கை அடைக்கிறது. "தாகத்துக்குத் தண்ணி குடுக்கறதுக்கும், கெணத்துக்குள்ள தள்ளி உடறதுக்கும் வித்தியாசம் இருக்குதுங்களே" என்று சிரித்தார். கேட்சர் கிளவுஸ் கதையை அவரிடம் நான் சொல்லியிருக்கக் கூடாது.

மூன்று வாரம்

முதல் வேலை லேஸை உருவுவது. ஒவ்வொரு முடிச்சையும் அவிழ்ப்பதற்கு முன் போட்டோ எடுக்கச் சொல்லிப் பிள்ளையிடம் போனைக் கொடுத்தேன். 43 படங்கள் எடுத்தாள். அவள் வருவதற்குள் கை சும்மா இருக்காமல், அறுந்து தொங்கிய இரண்டு லேஸை நானே இழுத்துப் போட்டிருந்தேன். அறுந்ததுதானே என்ற நினைப்பு.

ஈரத்துணியால் துடைத்ததிலேயே மூன்று துணி மஞ்சளாகிப் போனது. அப்புறம் குதிரைச் சேணத்துக்குப் போடும் சோப்பை நுரைத்துத் தேய்த்து, நிழலில் இரண்டு நாள். வெயில் வேண்டாம், ஹேர் டிரையர் வேண்டாம். ஈரத்தோலில் சூடு பட்டால் நார் சுருங்கிக் கருத்துக் கட்டையாகிவிடும், அது திரும்ப வராது. காய்ந்த பிறகு லனோலின் கலந்த கிரீம். ஆட்டு ரோமத்துக் கொழுப்புதான் லனோலின். இரண்டு தேக்கரண்டி, அதுவும் மூன்று நாள் இடைவெளி விட்டு இரண்டு தடவையாக. கை நிறைய அள்ளத் தோன்றும்போதெல்லாம் எலியை நினைத்துக்கொண்டேன். ஆரம்பத்தில் 540 கிராம் இருந்தது. முடிவில், புது லேஸோடும் அடைப்போடும் சேர்த்து 580.

குதியைத் திறந்தால் உள்ளே கம்பளி அடைப்பில் கால் பங்கு இல்லை, பூச்சி தின்றிருந்தது. மஞ்சள் மூட்டைக்கு அடியில் இருந்தும்! வீட்டில் கிடந்த பழைய கம்பளியை வெந்நீரில் கசக்கிச் சுருக்கி, இரண்டு மடிப்பாக வெட்டி வைத்தேன். சுண்டுவிரல் தையல் மூன்று சென்டிமீட்டர் விட்டிருந்தது. கோபியில் செருப்புத் தைக்கிற பெரியவர் முதலில் முடியாது என்றார். கிளவுஸை உள்வெளியாகத் தைத்துத்தான் திருப்புகிறார்கள், திரும்ப உள்வெளியாக்காமல் அந்தத் தையல் எட்டாது. ஒரு விரலை மட்டும் கம்பால் குத்தி வெளியே தள்ளி, பழைய ஓட்டையிலேயே ஊசியை விட்டுத் தைத்துக் கொடுத்தார். 80 ரூபாய்தான் கேட்டார். அந்த ஒரு விரலுக்கே முக்கால் மணி நேரம் ஆயிற்று.

லேஸ்தான் பெரிய தலைவலி. ஷூ லேஸ் அறுந்தது, பை வார் வழுக்கியது. கடைசியில் ஈரோட்டு அண்ணனே தோல் துண்டு ஒன்று எடுத்துக் கொடுத்தார். மாட்டுத் தோலில் முதுகுப் பக்கம் கெட்டி, வயிற்றுப் பக்கம் இழுவை. வயிற்றுத் தோலில் வெட்டின வாரை இழுத்தால் ரப்பர் மாதிரி நீளும், அதைப் போட்டுப் பின்னினால் ஒரு வாரத்தில் பாக்கெட் தொளதொளத்துவிடும். முதுகுத்தண்டை ஒட்டி நீளவாக்கில் ஐந்து மில்லிமீட்டர் அகலத்துக்கு வெட்டினோம். ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட ஆறடி. ஈரமாக்கி, நுனியில் செங்கல்லைக் கட்டி ராத்திரி முழுக்கக் கொல்லை வேப்பமரத்தில் தொங்கவிட்டேன். பக்கத்து வீட்டு அக்கா காலையில் எட்டிப் பார்த்து, "என்ன டீச்சர், எதாச்சும் வேண்டுதலா?" என்றார்.

பின்னுவதற்குக் கோணூசிதான். நுனியை அரத்தில் மழுக்கிக்கொண்டோம், இல்லாவிட்டால் ஓட்டையைத் தவிர மற்ற இடத்திலெல்லாம் குத்தும். போனில் படத்தைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு அவள் சொல்லச் சொல்ல நான் கோத்தேன். நான் தூக்கி எறிந்த அந்த இரண்டு லேஸ் இருந்த இடம் மட்டும் படத்தில் இல்லை. அங்கே ஊகத்தில் போட்டோம். பூச்சி ஓட்டையை விட்டுவிட்டு அதற்கு மேலிருந்த நல்ல ஓட்டையில் கோத்தோம்.

கணக்கு

தோல் துண்டுக்கு 200, சோப்புக்கும் கிரீமுக்கும் 420, தையலுக்கு 80, பஸ்ஸுக்கு 60. மொத்தம் 760 ரூபாய். ஈரோட்டுக்கும் கோபிக்கும் அலைந்ததைச் சேர்க்காமல் 14 மணி நேர உழைப்பு. அந்த 14 மணி நேரத்துக்குக் கூலி போட்டால் 2,800 ரூபாய்க் கிளவுஸ்தான் லாபம், இதை மறைக்க வேண்டியதில்லை. பழையதைத் தேற்றினால் காசு மிச்சம் என்று சொல்கிறவர்கள் பெரும்பாலும் தங்கள் நேரத்தைக் கணக்கில் எழுதாதவர்கள். எங்களிடம் நேரம் இருந்தது, காசுதான் இல்லை.

மீதி இருந்தது 2,240. கடையில் எடுத்து வைத்த கிளவுஸுக்கு இன்னும் 560 வேண்டும். முதல் பேஸுக்கு அந்தப் பன்னிரண்டரை அங்குலம் தோதாக இருக்கும் என்று பிள்ளையின் அப்பாவிடம் வாய் தவறிச் சொன்னேன். மறுநாள் பணம் வந்தது. "நாஞ் சொன்ன புதுசும் வந்துருச்சு பாத்தீங்களா" என்றார். ஆக எங்கள் விஷயத்தில் புதிதா பழையதா என்ற கேள்விக்கு இரண்டும் என்பதே பதிலாகிவிட்டது. நோட்டுப் போட்டு ஆராய்ந்தவளுக்கு இது கொஞ்சம் ஏமாற்றம்தான்.

ஐம்பது பந்து

ஒரே பிள்ளை, ஒரே இடம், நான் அடிக்கிற தரைப்பந்து ஐம்பது. புதுக் கிளவுஸில் முதல் நாள் 13 நழுவியது. எல்லாம் மூடும்போது வந்த சிக்கல், விறைப்பு. பழையதில் 11. இரண்டு வாரம் கழித்து மறுபடி பார்த்தபோது புதியது 7 க்கு இறங்கிவிட்டது. அவள் தினமும் பந்தை உள்ளே வைத்து வாரால் கட்டிவைத்ததும், சாயங்காலம் அரை மணி நேரம் எறிந்து பிடித்ததும் காரணம். ஒரு கிளவுஸை இளக்க அதைவிட நல்ல வழி கிடையாது.

பழையது 10 லேயே நின்றது. நழுவியவற்றில் பெரும்பாலானவை ஒரே மாதிரி. பந்து உள்ளே வருகிறது, உட்கார்கிறது, மூடும்போது மேல் விளிம்பு வழியாகத் துள்ளி வெளியேறுகிறது. லேஸ் நீண்டுவிட்டதோ என்று இறுக்கினேன். குதி அடைப்பு தடித்துவிட்டதோ என்று ஒரு மடிப்பை எடுத்தேன். ஆள்காட்டி விரலை உள்ளே வைத்துப் பார், வெளியே வைத்துப் பார் என்று அவளைப் படுத்தினேன். உள்லைனிங் வேறு பழைய வியர்வையில் கட்டிதட்டியிருந்ததால் அவள் விரலில் கொப்புளம் வந்தது. உள்ளே மெல்லிய பருத்திக் கையுறை போட்டுக்கொண்டாள். அது மட்டும்தான் தேறியது, பந்து தேறவில்லை. 3,000 ரூபாயையும் புதியதிலேயே போட்டிருக்கலாமோ என்று ஒரு ராத்திரி யோசித்ததும் உண்டு.

ஆடிப் பதினெட்டுக்குப் பவானிக் கூடுதுறைக்கு வந்த அத்தை, அம்மா வீட்டில் நாலு நாள் தங்கினார். ஒரு சாயங்காலம் மருமகளோடு மைதானத்துக்கு வந்தார். தலை நரைத்திருந்தது, கையில் கூடை. கிளவுஸை வாங்கி முகர்ந்து பார்த்தார். கையை விட்டார். வலது கையை முட்டியாக்கி உள்ளங்கையில் இரண்டு குத்து. அப்புறம் வெப்பைத் திருப்பிப் பார்த்தார்.

"ஏனுங் மிஸ், இது ஒரு கண்ணு மேல ஏறிக் கெடக்குதே?"

படத்தில் இருந்த மாதிரித்தான் போட்டோமுங்க என்று ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தினேன். அவர் விரல் அந்தக் கோணல் ஓட்டையில் இருந்தது. "இந்த ஓட்டய உட்டுட்டீங்க."

"அது பூச்சி..."

"பூச்சியெல்லாம் இல்லீங்க, நாந்தான் போட்டேன். பந்து மேலாக்க எகிறிட்டே இருந்துச்சு. ஹாஸ்டல் அடுப்புல ஆணியப் பழுக்கக் காச்சி எறக்குனேன். வார்டன்கிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டது தனிக்கதை."

ஓரம் ஏன் கருத்து இறுகியிருந்தது என்பது இப்போதுதான் உறைத்தது. தோலில் சூடு படக்கூடாது என்று மூன்று வாரம் பாடம் நடத்தியவள் நான். சூடு பட்ட இடம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், என் கண்ணெதிரேதான் இருந்தது. ஈரோட்டு அண்ணன் விரலையே வைத்துக் காட்டினார்.

அத்தை கூடையைக் கீழே வைத்துவிட்டு, மைதானத்து மண்ணிலேயே சம்மணமிட்டு உட்கார்ந்து கோணூசியை வாங்கினார். இரண்டு முடிச்சு அவிழ்த்து, ஒரு கண் கீழே இறக்கி, பல்லால் இழுத்து இறுக்கினார். பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. வெப் அடியில் பாக்கெட் அரை அங்குலம் ஆழமாகிவிட்டது. மறுநாள் ஐம்பது பந்து அடித்தேன், 4 நழுவியது. ராத்திரி நோட்டைத் திறந்து, "பூச்சி அரிப்பு" என்று இருந்ததை அடித்துவிட்டுப் பக்கத்தில் "அத்தை" என்று எழுதினேன்.